குடியுரிமைக்குக் குறுக்கே வந்த ரசிகர் மன்றம்

போன ஞாயிற்றுக்கிழமை ஐசலினில் மாஸ்டர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோமே, அங்கே பூஜை அலமாரியில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் கூலிங் கிளாஸ் போட்ட ஒருவரின் படம் ஒட்டிய பழைய அட்டை ஒன்று இருந்தது. பக்கத்தில் குச்சியில் ஒரு சின்ன அமெரிக்கக் கொடி. "அப்பா, ஹூ இஸ் தட் காட்?" என்று கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு முந்திக்கொண்டதில் பதில் சொல்ல முடியவில்லை. நான் பத்தாவதோடு நின்றவன், கோர்வையாக எழுத வராது. ஆனால் வாயால் சொன்னால் பாதியில் ஃபோனைப் பார்க்கப் போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அவர் சாமி இல்லை, சினிமா நடிகர். ஈரோட்டுப் பக்கம் மாஸ்டரின் ஊரில் அவருக்கு ஒரு ரசிகர் மன்றம் இருந்தது. அந்த மன்றத்தின் உறுப்பினர் அட்டை அது. மாஸ்டர் அதில் பொருளாளர்.

இங்கே அமெரிக்காவில், ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு ஓட்டலில் அவர் புரோட்டா மாஸ்டர், நான் கல்லாவில். அவருக்கு கிரீன் கார்டு கிடைத்துப் பல வருடம் ஆகியிருந்தது. அவர் மனைவி, நம்ம அக்கா, மட்டும் மாமனாரைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்துவிட்டார். மாமனார் காலமான பிறகுதான் வரச் சம்மதித்தார். அப்போதுதான் வக்கீல் மேடம் சட்டத்தை விளக்கினார். கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மனைவி என்றால் வரிசையில் நிற்க வேண்டும், சிட்டிசனின் மனைவிக்கு அந்த வரிசை கிடையாது. "அப்ப சிட்டிசன் ஆயர்றனுங்க" என்றார் மாஸ்டர், மாவு தீர்ந்தால் இன்னொரு மூட்டை பிரிக்கிற மாதிரி.

மேடம் சென்னைக்காரர், குடியுரிமை மனுவின் கேள்விகளை வாசித்துக்கொண்டே வேகமாக டைப் செய்தார். "எதாவது சங்கம், கட்சி, கிளப்ல மெம்பரா இருந்திருக்கீங்களா? நோ போட்டுடறேன்."

"இருங்க மேடம். இருந்திருக்கறனுங்க."

பர்ஸிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். மேடம் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மாஸ்டர், அவங்க இதை மனசுல வச்சுக் கேக்கல."

"எந்தச் சங்கமா இருந்தாலும்னுதானுங்களே போட்டிருக்குது?"

"ஆமா."

"அப்பப் போடுங்க. பொய் சொல்லி வாங்குனா பின்னாடி புடுங்கிக்குவாங்கன்னு நீங்கதான சொன்னீங்க."

மேடம் பெருமூச்சு விட்டு டைப் செய்தார்.

மாஸ்டரின் வயதுக்கும் அவர் இங்கே இருந்த வருடங்களுக்கும் குடியுரிமை நேர்காணலில் தமிழிலேயே பதில் சொல்லலாம், மொழிபெயர்க்க ஆள் கூட்டி வரலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது. ஆள் நான்தான். என் இங்கிலீஷ் காரம் போதுமா, பார்சலா என்று கேட்கிற கல்லா இங்கிலீஷ். நேர்காணலுக்கு நியூவார்க் ஆபீசுக்கு டிரைவ் பண்ணும்போது நான்தான் இங்கிலீஷ் வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டே போனேன். மாஸ்டர் அமெரிக்க அரசு பற்றிய பாடத்தை எல்லாம் கொத்து புரோட்டா தாளத்தில் மனப்பாடம் செய்திருந்தார். ஆபீசர் அம்மா செனட்டர்கள் எத்தனை பேர் என்று கேட்டபோது, மேசையில் இரண்டு விரலால் தட்டிவிட்டுத்தான் "நூறு" என்றார். அத்தனையும் சரி.

பிறகு அந்த அம்மா காகிதத்தைப் புரட்டி நிறுத்தினார். இந்தச் சங்கம் என்ன வேலை செய்தது?

"படம் ரிலீஸ் அன்னைக்கு கட்-அவுட்டுக்குப் பால் ஊத்துவமுங்க." மொழிபெயர்த்தேன். கட்-அவுட் என்றால் என்ன என்று கேட்டார். மரச்சட்டத்தில் நிற்கிற, மாடி உயரப் படம் என்றேன். அதற்கு ஏன் பால்?

மாஸ்டர் யோசித்தார். "வேற என்னத்த ஊத்தறதுங்க?"

அதையும் அப்படியே சொன்னேன். சங்கத்தில் ஆயுதம் ஏதும் வைத்திருந்தீர்களா என்றார்.

"ஏணி வச்சிருந்தமுங்க."

ஆபீசர் எதையோ எழுதிக்கொண்டார். கடைசியில், சிட்டிசன் ஆகும் நாளில் செய்ய வேண்டிய சத்தியத்துக்கு வந்தார். வேறு எந்த நாட்டு மன்னர் மீதும் அரசு மீதும் வைத்திருக்கும் விசுவாசத்தைக் கைவிடச் சம்மதமா? சம்மதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், சரின்னு சொல்லுங்க" என்றேன் மெதுவாக.

"இருங்க தம்பி. இதுல நம்ம நடிகரும் வருவாருங்களா?"

"அக்காவ நெனச்சுக்கோங்க மாஸ்டர்."

"அவளையும் நெனச்சுத்தான் கேக்கறன். சத்தியம் பண்ணிப்போட்டு ஊட்டுல அட்டைய வச்சிருந்தா அது பொய்ச் சத்தியமில்லீங்களா?"

எனக்கோ, இத்தனை வருடம் தனியாகப் பொங்கித் தின்ற மனிதர், அக்கா வருகிற வாசலை ஒரு நடிகருக்காகத் தானே சாத்துகிறாரே என்று இருந்தது. ஆபீசர், நீங்கள் இருவரும் என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்றார். வேறு வழியில்லாமல், நடிகரையும் கைவிட வேண்டுமா என்று கேட்கிறார் என்று சொன்னேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

அந்த நடிகர் எந்த நாட்டையாவது ஆள்கிறாரா?

"நாட்டை ஆளலீங்க. எங்கூரு தியேட்டரத்தான் ஆண்டாரு."

அந்த அம்மாவின் உதடு கோணியது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அப்படியானால் அவரை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

"சம்மதமுங்க" என்று மாஸ்டர் கும்பிட்டார்.

சத்தியம் செய்த அன்றைக்குக் கொடுத்த கொடிதான் நீங்கள் பார்த்தது. அதன் பிறகு மனு போட்டு, அக்காவும் வந்து சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் காருக்கு ஓடிய பிறகு, "பசங்க என்ன கேட்டாங்க?" என்றார் அக்கா. யார் அந்தச் சாமி என்று கேட்டார்கள் என்றேன். அக்கா அலமாரியைப் பார்த்தார். "சத்தியம் பண்றாருன்னதும், அந்த நாட்டுக்காரங்களாவது இந்த நடிகன உட்ரச் சொல்லுவாங்கன்னு இருந்தன். அந்த ஆபீசரம்மா கெடுத்துப்போட்டுது" என்றார். சொல்லிக்கொண்டே முந்தானையால் அட்டையைத் துடைத்து அதே இடத்தில் வைத்தார். கொடியை மட்டும் கொஞ்சம் நகர்த்தி, கூலிங் கிளாஸ் மறைகிற மாதிரி நிறுத்தினார்.

அக்கா சமையலறைக்குள் போனதும், மாஸ்டர் ஓசைப்படாமல் எழுந்து கொடியைப் பழையபடி தள்ளி வைத்தார்.