நோன்பு காலத்தில் என் மகளோடு சாப்பிட வந்தவர்கள்

என் மகள் ஹம்னா சாப்பிடாமலே செத்துப்போகக்கூடும் என்று டொக்டர் என் முகத்துக்கு நேரே சொன்னார். நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் வீட்டில் அரிசி இருக்கிறது, மீன் இருக்கிறது. அவளுடைய வாப்பாவுக்குக் கண்டி டவுனில் கடை இருக்கிறது. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டிலேயே நான் பெண்களுக்கு அபாயா அங்கி தைக்கிறேன். ஒன்றுக்கும் குறைவில்லாத வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளை பட்டினியால் சாவதா? அல்லாஹ் எங்களை எப்படிக் கரை சேர்த்தான் என்பதை என் சகோதரிகளுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன். பெண்கள் வெளியே பேசாத விஷயங்களும் இதில் வரும். வெட்கத்தைப் பார்த்தால் உண்மையைச் சொல்ல முடியாது.

ஆரம்பம் நல்லதாகத்தான் தெரிந்தது. ஓ.எல். பரீட்சை வகுப்பில் இருக்கும்போது ஹம்னா, கடமையில்லாத சுன்னத்தான நோன்புகள் பிடிக்கத் தொடங்கினாள். முதலில் திங்களும் வியாழனும். பிறகு போன வருடம் விடுபட்டவை என்றாள். பிறகு பரீட்சைக்கு நேர்ச்சை என்றாள். ஊரே புகழ்ந்தது. ஒரு கல்யாண வீட்டில் வயதான மாமி ஒருவர் அவளுடைய கன்னத்தைத் தடவி, "இந்த வயசுல இவ்வளவு பேணுதலான புள்ளய காண ஏலா" என்றார். எனக்கும் உச்சி குளிர்ந்தது. மாலையில் நோன்பு திறக்கும்போது அவள் ஒரு பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் மட்டும் எடுத்துக்கொண்டு தொழப் போய்விடுவாள். திரும்பி வர மாட்டாள். கஞ்சி ஆறி ஆடை படிந்து கிடக்கும்.

பிறகு முடி கொத்தாகக் கொட்டியது. பகல் வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டாள். மாதாமாதம் வருவது நின்றுவிட்டது. அவளுடைய பாடசாலை உடுப்பை நான் மறுபடியும் மறுபடியும் பிடித்துத் தைத்தேன். ஒரு நாள் விடியற்காலை சுபஹு தொழுகையில் குனிந்தவள் நிமிர முடியாமல் அப்படியே சரிந்தாள். அவளைத் தூக்கி வாகனத்தில் ஏற்றியபோது தையல் துணிக் கட்டைவிடப் பாரம் குறைவாக இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இதயம் மிக மெதுவாகத் துடிக்கிறது என்று வார்டில் வைத்துக்கொண்டார்கள். அங்கேதான் அந்த டொக்டரைச் சந்தித்தோம். சிங்களப் பெண்மணி, தமிழ் நன்றாகப் பேசுவார். இது பிள்ளையின் பிடிவாதம் இல்லை, அனொரெக்ஸியா என்ற நோய் என்று விளங்கப்படுத்தினார். மெலிய வேண்டும் என்ற எண்ணம் மூளையைப் பிடித்துக்கொள்ளும், பசியே சுகமாகத் தோன்றும், நோன்பும் படிப்பும் எல்லாம் அந்த நோய்க்குச் சாக்குத்தான் என்றார். இதற்குச் சாப்பாடுதான் மருந்து. அதை வீட்டார்தான் கொடுக்க வேண்டும். மூன்று வேளைச் சாப்பாடும் நடுவில் சிற்றுண்டியும். ஒரு வேளையும் தவறக்கூடாது, தனியாகவும் விடக்கூடாது.

"யாராவது அவவோட இருந்து அதே சாப்பாட்டை சாப்பிடணும். பாத்துக்கிட்டு மட்டும் இருந்தா நீங்க பொலிஸ் மாதிரி" என்றார்.

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். சகோதரிகளே, அதன் பிறகு எங்கள் சாப்பாட்டு மேசை யுத்தகளமானது. சோற்றை ஸ்வெட்டர் கைக்குள் ஒளித்தாள். மீனை ஜன்னலால் காக்கைக்கு எறிந்தாள். என்னை எதிரி என்றாள். அரைப் பீங்கான் சோறு இறங்குவதற்குள் நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிடும். நான் கத்தவில்லை, கெஞ்சவுமில்லை. "மகள், அடுத்த பிடி" என்பேன், அவ்வளவுதான். அவளுக்குப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? என்னிடமிருந்துதான். பிள்ளையை விட்டுவிட்டு அந்த நோயோடு பிடிவாதம் பிடிப்பது என்று முடிவு செய்தேன். நிறை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

அப்போது ரமழான் வந்தது.

ஹம்னா நோன்பு பிடிக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். எங்கள் பள்ளிவாசல் இமாம் ஹஸ்ரத்திடம் கேட்டோம். அவரும் அவளைக் கூப்பிட்டு, "நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்தீக்கிறான். நீங்க நோன்பு பிடிச்சா நன்மையில்ல மகள், உயிருக்குச் செய்ற அநியாயம்" என்று தெளிவாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள். ஆனால் முதல் நாள் பகல், பீங்கானுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"முழு ஊரும் நோன்பு. நான் மட்டும் இருந்து தின்னவா?"

"ஹஸ்ரத் சொன்னார் தானே."

"அப்ப நீங்களும் தின்னுங்கோ பாப்போம். உங்களுக்கு நோன்பு. எனக்கு மட்டும் ஏன் சட்டம் வேற?"

நான் நோன்போடு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டொக்டர் சொன்ன அதே பொலிஸ் வேலை. இரண்டு பிடியோடு எழும்பிவிட்டாள். அடுத்த நாளும் அப்படியே. அடுத்த வீட்டு கிறிஸ்தவ டீச்சரைக் கூப்பிட்டேன். அவர் முகம் சுளிக்காமல் வந்து கூட இருந்து சாப்பிட்டார். "அவங்களுக்கு நோன்பு கடமையில்லயே" என்று ஹம்னா அதையும் தட்டிவிட்டாள். கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தால், சிரமப்பட்டு ஏற்றிய நிறை இறங்கியிருந்தது. இப்படியே போனால் மறுபடி வார்டுதான், இந்த முறை இதயம் தாங்குமா தெரியாது என்றார் டொக்டர்.

அவளோடு சாப்பிடுவதற்காக நானே நோன்பை விடலாமா என்று ஹஸ்ரத்திடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். உயிருக்கு ஆபத்து, வேறு வழியே இல்லை என்றால் விட்டுவிட்டுப் பிறகு வேறு நாளில் பிடித்துக் கழாச் செய்யலாம், ஆனால் வேறு வழி இருக்கிறதா என்று முதலில் அல்லாஹ்விடம் கேளுங்கள் என்று பதில் வந்தது.

கேட்டேன். அன்று ளுஹர் தொழுதுவிட்டு தொழுகை விரிப்பான முஸல்லாவை விட்டு எழும்பவில்லை. குசினி மேசையில் ஹம்னா உட்கார்ந்திருக்கிறாள், சோறு ஆறுகிறது. "யா அல்லாஹ், இது நீ தந்த பிள்ளை. எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்துவிட்டேன். ஒரு வழியைக் காட்டு. நாளைக்கு வேண்டாம், இப்போதே காட்டு. இவள் எல்லோரையும் போல நோன்பு பிடிக்கும் ஒரு நாளையும் எனக்குக் காட்டு." இப்படித்தான் கேட்டேன். அடக்கமாகக் கேட்கத் தெரிந்தவர்கள் அடக்கமாகக் கேட்கட்டும்.

ஏந்திய கையை இன்னும் இறக்கவில்லை, பின்கதவில் தட்டும் சத்தம். என் கணவரின் தம்பி மனைவி நசீமா நின்றாள். இரண்டு வீடு தள்ளி மாமனார் வீட்டில் இருக்கிறாள்.

"ராத்தா, கொஞ்சம் சோறு ஈக்குமா? எனக்கு நேத்திலிருந்து நோன்பில்ல. ஊட்டுல ஆம்புளயள் எல்லாரும் ஈக்கிறாங்க. மாமா குசினி வாசல்லயே கதிரய போட்டுக்கிட்டு ஓதுறார். பசி தாங்க ஏலா."

நம் பெண்களுக்கு இது விளங்கும். மாதத்தின் அந்த நாட்களில் நமக்குத் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. நோன்பைப் பிறகு பிடித்துக்கொள்வோம். அது குற்றமே இல்லை. ஆனாலும் வீட்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியக்கூடாது என்று நோன்பாளி மாதிரியே நடமாடுவோம். கதவுக்குப் பின்னால் நின்று ஒரு பணிஸை விழுங்குவோம். நசீமா ஒளிந்து சாப்பிட இடம் தேடித்தான் என் வீட்டுக்கு வந்தாள்.

பீங்கானை எடுத்து ஹம்னாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். பருப்பை ஊற்றிப் பிசைந்தாள். ஒரு வாய் வைத்ததும், "ராத்தா, பருப்புல உப்பே இல்ல" என்றாள். நோன்போடு சமைக்கிறவளுக்கு உப்பு எப்படித் தெரியும்? அவளே எழும்பி உப்பை எடுத்துத் தன் பீங்கானிலும் போட்டாள், ஹம்னாவின் பீங்கானிலும் போட்டாள்.

ஹம்னா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாச்சி, நோன்பு நாள்ல தின்ன உங்களுக்கு வெக்கமில்லயா?"

"என்னத்துக்கு வெக்கம்? அல்லாஹ் பிடிக்க வேணாம்னு சொன்ன நாள்ல தின்றேன். அவன விட எனக்கு பேணுதல் கூடவா?" வாய் நிறையச் சோற்றோடுதான் சொன்னாள். "அந்த மீன் தலய நீ தின்னாட்டி இங்கால தா."

ஹம்னா மீன் தலையைக் கொடுக்கவில்லை. கையைப் பீங்கானில் வைத்தாள். அன்று அந்த மேசையில் சோறு இறங்கியது. நான் உள்ளே போய்த் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். டொக்டர் முன்னால் வராத அழுகை அப்போது வந்தது.

அதுவரை ஊருக்கெல்லாம் "கேஸ்ட்ரைடிஸ்" என்று சொல்லி வைத்திருந்தோம். அன்று நசீமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தன் நாட்கள் முடியும்வரை தினமும் வந்தாள். முடிந்த அன்று, "நாளைக்கு வேறொருத்தி வருவா" என்றாள். அதற்குப் பிறகு எனக்குப் போன் வரத் தொடங்கியது. "ராத்தா, நாளைக்கு எனக்கு நோன்பில்ல. பகலைக்கு வாறேன்." மாவில்மடையிலிருந்து ஒருத்தி வந்தாள். அக்குறணையில் புதிதாகக் கல்யாணம் முடித்த பெண் பஸ்ஸில் வந்தாள். அபாயாவைக் கட்டையாகத் தைத்துவிட்டேன் என்று என்னோடு பேசாமல் இருந்தவரும் வந்தார், சாப்பிட்டார், அபாயாவைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார். ஒருவரும் ஹம்னாவின் பீங்கானைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் அவரவர் பசி. மருமகள், மாமியார் கதை பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். அவள் கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள், சில நாள் சிரிக்கவும் செய்தாள். என் கணவர் பகலில் வந்தால் கேற்றடியில் நின்று செருமிவிட்டு வர வேண்டும் என்று சட்டம் போட்டேன். "சொந்த ஊட்டுக்கு வர பாஸ் எடுக்கணும் போல" என்று முணுமுணுத்தார். ஆனாலும் ஒரு நாளும் செருமாமல் வரவில்லை. யாருமே வராத பகல்களில் நானே நோன்பை விட்டு அவளோடு சாப்பிட்டேன். அவற்றைப் பிறகு பிடித்து முடித்தேன். அந்த ரமழானில் அவள் வார்டுக்குப் போகவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளும் கழிந்து ஒரு காலையில், தைத்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றாள். "உம்மா, இன்டைக்கு எனக்கு தொழ ஏலா" என்று மெல்லச் சொன்னாள். ஒரு வருடத்துக்கு மேல் நின்றிருந்தது திரும்பி வந்துவிட்டது. தொழ முடியாது என்று மகள் சொன்னதற்காக நெற்றியைத் தரையில் வைத்து சுஜூதில் விழுந்த தாய் நானாகத்தான் இருப்பேன்.

இதோடு முடிந்தது என்று சொன்னால் நான் பொய் சொன்னவள். இது வருடக்கணக்கில் பார்க்க வேண்டிய நோய் என்று டொக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஏ.எல். பரீட்சை வருடத்தில் அது மறுபடி வந்தது. மாலைத் தேநீரில் பால் வேண்டாம் என்றாள். எனக்கு அது போதும். அந்த வாரமே கிளினிக்கில் நின்றோம். திரும்பவும் முதலிலிருந்தா என்று அழுதாள். முதலிலிருந்து இல்லை, சீக்கிரம் பிடித்தால் சீக்கிரம் திரும்பலாம் என்றார் டொக்டர். அப்படியே ஆனது. கிளினிக்கில் எங்களோடு பழகிய இன்னொரு பிள்ளை இன்றும் வார்டுக்குப் போய்வருகிறாள். அவளுடைய தாயும் குறை வைக்கவில்லை. அவளுக்காக நான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன், நீங்களும் கேளுங்கள்.

ஹம்னாவுக்கு இப்போது இருபத்துமூன்று வயது. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அவள் விட்ட நோன்புகளுக்குப் பதிலாக வருடாவருடம் ஏழைகளுக்கு உணவு கொடுத்து வந்தோம். ஆனால் அன்று முஸல்லாவில் கேட்ட இரண்டாவது துஆவை நான் விடவேயில்லை. எல்லோரையும் போல அவள் நோன்பு பிடிக்க வேண்டும். இந்த வருடம் டொக்டர், உடம்பு நன்றாக இருக்கிறது, விருப்பமென்றால் கவனத்தோடு சில நாள் பிடித்துப் பார்க்கலாம் என்றார். நான் டவுனில் இறங்கி நல்ல பேரீச்சம்பழமாகப் பார்த்து வாங்கினேன். நசீமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

பிறை கண்ட மாலையில் ஹம்னா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உம்மா, நான் இந்த வருஷமும் பிடிக்கல்ல."

"டொக்டர் ஏலும்னு சொன்னாங்க தானே?"

"உடம்புக்கு ஏலும். ஆனா மத்தவங்களுக்கு பசிச்சா கஷ்டம், அத பொறுக்கிறதுக்குத்தான் நன்மை. எனக்கு பசிச்சா உள்ளுக்கு ஒரு சந்தோஷம் வருது. இன்னும் வருது உம்மா. அந்த சந்தோஷத்துக்காக பிடிச்சா அது அல்லாஹ்வுக்காக பிடிச்ச நோன்பில்ல."

எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன். பதினாறு வயதில் இந்தப் பிள்ளை நோன்பைக் காட்டித் தன்னையே கொன்றுகொண்டிருந்தாள். இன்று அதே நோயை அடையாளம் கண்டு, அதன் முகத்துக்கு நேரே, உனக்கு இடமில்லை என்கிறாள். நான் கேட்டதைவிடப் பெரியதை அல்லாஹ் கொடுத்திருக்கிறான். அதை ஏற்றுக்கொள்ள எனக்குத்தான் ஓர் இரவு தேவைப்பட்டது.

முதல் நோன்பன்று பகல், நான் நோன்போடு தைத்துக்கொண்டிருந்தேன். அவள் சோறு போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். கூட யாரும் இல்லை. நானும் எழும்பிப் பக்கத்தில் போய் உட்காரவில்லை. பிஸ்மி சொன்னாள், சாப்பிட்டாள், இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பசியைப் பேணுதலாகக் காட்டி ஒளித்துக்கொண்டிருக்கும் பிள்ளை இருக்கலாம். ஊர் என்ன சொல்லும் என்று மூடி வைக்காதீர்கள். டொக்டரிடம் காட்டுங்கள், கையேந்திக் கேளுங்கள், இரண்டில் ஒன்றையும் விடாதீர்கள். கூட இருந்து சாப்பிட ஆள் இல்லை என்றால் எனக்கு ஆள் அனுப்புங்கள். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறோம். இப்போது எங்களோடு ஹம்னாவும் வருகிறாள். எங்களுக்குச் சில நாள்தான், அவளுக்கு ரமழானின் எல்லாப் பகலும் சரிவரும்.