ஜப்பான் புட்டியும் ராயபுரத்து நாக்கும்

ராயபுரத்தில் வந்து ஜெரி வீடு எது என்று கேட்டால் நாலு ஜெரியைக் காட்டுவார்கள். கப்பல் ஜெரி என்று கேட்டால்தான் சரியான வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். கார் ஏற்றிப் போகும் பெரிய கப்பல்களில் முப்பத்தொரு வருஷம் சமையல்காரராக இருந்தவர். இப்போது ஐம்பத்தொன்பது வயது. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு கேன்டீனில் பத்து நாள் தங்கிச் சமைப்பார், பத்து நாள் வீட்டில் இருப்பார். மனிதருக்குச் சொத்து என்று பார்த்தால் தகர ஷீட்டுக் கூரை போட்ட மாடி அறை ஒன்று, கூடவே ஒரு நாக்கு.

ஊரில் குடிக்கிறவன் எவன் ருசி பார்த்துக் குடிக்கிறான்? மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றிக்கொள்கிறான், ஊறுகாயை நக்குகிறான், வீட்டுக்கு வந்து பொண்டாட்டியிடம் வீரம் காட்டுகிறான். ஜெரி அந்தக் கூட்டத்தில் சேராதவர். வருஷத்துக்கு ஒரு புட்டி, அதுவும் ஜப்பான்காரர்கள் அரிசியில் செய்கிற சாக்கே. அதைத் திறக்கிற அன்று காலையிலிருந்து பீடி கிடையாது, மீன் அலசக் கிடையாது. சின்ன எவர்சில்வர் தம்ளரில் இரண்டு வாய் ஊற்றி, முகர்ந்து, வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். "பச்சரிசி கழுவின மொத தண்ணி. அப்பால வெள்ளரிப்பிஞ்சு. கடேசில லேசா ஒரு கசப்பு, அது வோணும், அது இல்லாட்டி சப்புனு போயிடும்" என்பார். மனைவி அமலி, "குடிக்கிறியா, பரீச்சை எழுதுறியா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

இந்தப் பழக்கம் வந்து பதினாலு வருஷம். ஜப்பானில் ஒரு சின்னத் துறைமுக ஊரில் கப்பல் பழுதுபார்க்க நின்றிருந்தது. தை மாதத்துக் குளிர். காலையில் சும்மா நடக்கப் போன ஜெரிக்கு எங்கிருந்தோ அரிசி வேகிற ஆவி வாசனை வந்தது. யாரோ புட்டு அவிக்கிறார்கள் என்றுதான் நினைத்தார். சமையல்காரனுக்கு அந்த வாசனையைத் தாண்டிப் போக மனசு வருமா? பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்துவிட்டார். அது மொரித்தா என்கிற பெரியவரின் சாக்கே பட்டறை.

மொரித்தா இவரை விரட்டவில்லை. அரிசியைத் தீட்டி, அவித்து, அதில் ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்த்து, தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிட்டு, துணிப் பையில் போட்டுப் பிழிகிறதுவரை சுற்றிக் காட்டினார். கடைசியில் மூன்று கிண்ணம் வைத்தார். முதல் கிண்ணத்துக்கு ஜெரி தலையாட்டினார். இரண்டாவதில் நின்றுவிட்டார். இட்லித் துணியைச் சரியாக அலசாமல் மறுநாள் இட்லி ஊற்றினால் ஒரு வாடை வருமே, அது.

"சார், திஸ் ஒன் கிளாத் ஸ்மெல். நோ வாஷ்" என்று தன் கப்பல் இங்கிலீஷில் சொல்லியும்விட்டார். சொன்ன பிறகுதான், ஓசியில் வாங்கிக் குடித்துவிட்டுக் குறை சொல்கிறோமே என்று உறைத்தது. மொரித்தா கிண்ணத்தை எடுத்து முகர்ந்தார். ஆளைக் கூப்பிட்டுப் பிழிகிற பைகளை எடுத்து வரச் சொல்லி ஒவ்வொன்றாக முகர்ந்தார். பிறகு ஜெரியைப் பார்த்து இடுப்பு வளைய வணங்கினார். போன வருஷத்துப் பைகளை ஆட்கள் அரைகுறையாக அலசிப் போட்டிருந்தார்கள்.

அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு புட்டி வரும். ஜெரி கப்பலில் இருந்தவரை தானே போய் வாங்கி வருவார். கரைக்கு வந்த பிறகு தண்டையார்பேட்டை தப்ரேஸ் கொண்டுவந்து கொடுப்பான். தப்ரேஸ் அதே கம்பெனிக் கப்பலில் வேலை பார்ப்பவன், ஒரு சொட்டு தொடாதவன், ஆனால் தோஸ்துக்காகக் கப்பலின் குளிர் அறையில் புட்டியைப் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்து, கஸ்டம்ஸில் காட்டிவிட்டே வெளியே எடுப்பான். குடித்த பிறகு ஜெரி உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்புவார். நல்லா இருந்தால் நல்லா இருக்கிறது. இல்லாவிட்டால் இல்லை. மொரித்தாவுக்கு அதுதான் வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மே இருபதாம் தேதி மொரித்தா இறந்துபோனார். மகள் சச்சிகோ பட்டறையை எடுத்துக்கொண்டாள். இந்த ஏப்ரல் கடைசியில் தப்ரேஸ் கொண்டுவந்த புட்டியோடு அவள் எழுதிய கடிதமும் இருந்தது. சாக்கேயை வழக்கமாகச் சுடவைத்து அடைப்பார்கள், அப்போதுதான் கெடாமல் நிற்கும். அவள் சுடவைக்காத பச்சை சாக்கே மூன்று தொட்டி போட்டிருக்கிறாள். அப்பா ஒருநாளும் செய்யாததை நீ ஏன் செய்கிறாய் என்று பழைய ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். "ஐந்து பேருக்கு அனுப்பியிருக்கிறேன். நாலு பேர் எங்கள் உறவுக்காரர்கள், நல்லா இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள் என்று அப்பா சொல்வார். அப்பாவின் நினைவு நாளில் திறந்து குடித்துவிட்டு எழுதுங்கள். இதைத் தொடர்ந்து செய்வதா, விட்டுவிடுவதா என்பதை உங்கள் வார்த்தையை வைத்து முடிவு செய்வேன். அதுவரை கண்டிப்பாகக் குளிரிலேயே இருக்கட்டும்."

ஜெரி புட்டியை ஃபிரிட்ஜ் கதவில் நிறுத்திவைத்தார். மே ஒன்பதாம் தேதி எண்ணூர் கேன்டீனுக்குப் போனார். பத்தொன்பதாம் தேதி திரும்பினார். மறுநாள் குளித்து, மொரித்தாவுக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றிவைத்துவிட்டுப் புட்டியைத் திறந்தார்.

முகர்ந்ததுமே முகம் சுருங்கிவிட்டது. நிறம் மஞ்சளடித்திருந்தது. நனைந்து காய்ந்த கோணிச் சாக்கின் வாடை. வாயில் வைத்தால் மூன்று நாள் பழைய நீராகாரத்தின் புளிப்பு. வாய் கொப்பளித்துவிட்டு மறுபடி பார்த்தார், அதே கதைதான். பாவம், அந்தப் பெண் தோற்றுவிட்டாளே என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நல்லா இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் பதினாலு வருஷமாக அந்த வீட்டில் தன் பேச்சுக்கு இருக்கிற மரியாதை அந்த ஒரு வரியோடு போய்விடும். அதைவிட, நம்பி அந்தப் பெண் அடுத்த வருஷம் பத்துத் தொட்டி போட்டுவிட்டால்? மூன்றாம் நாள் காலையில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டே, இருந்ததை இருந்தபடி ஃபோனில் எழுதி அனுப்பினார்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பதில் வந்தது. அமலி கேட்டாள் என்று அதைத் தமிழில் வாசித்துக் காட்டினார். சான் என்பது அவர்கள் ஊர் மரியாதைச் சொல்.

"நன்றி ஜெரி-சான். அழுதேன். ஆனால் நன்றி. மற்ற நாலு பேரும் நல்லா இருக்கிறது என்றார்கள், நான் நம்பவில்லை. ஒரு தொட்டியை இப்போதுதான் சுடவைத்துச் சமையலுக்கு வாங்குகிற வியாபாரிக்குக் கொடுத்துவிட்டேன். மற்ற இரண்டையும் நாளைக் காலையில் கொடுத்துவிடுவேன். இனிமேல் இதைச் செய்ய மாட்டேன்."

"இன்னாய்யா இது, அவ்ளோ மோசமாவா கீது?" என்றாள் அமலி.

"வெயில்ல கெடந்தா மாரி கீதும்மே. ஐஸ்ல வெச்ச சரக்கு எப்டி இப்டி ஆவும், எனக்கே புரியல."

அமலி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து ஜெரி பயந்துவிட்டார்.

"வெயில்ல வெச்சா சரக்கு கெட்டுப் பூடுமா?" என்று கேட்டாள். "ஒயினு, பிராந்தியெல்லாம் வருசக்கணக்கா வெச்சாதானே நல்லாருக்கும்னு சொல்வாங்க?"

விஷயம் இவ்வளவுதான். மே பத்தாம் தேதி அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில். தெருவிலிருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு வீடு என்று முறைவைத்துக் கூடி ஜெபம் சொல்லும் கூட்டம் அது. அந்த மாதம் குடிகாரப் புருஷன்கள் திருந்தவேண்டும் என்று ஜெபம். தெருவில் மூன்று வீட்டில் அந்தக் கண்ணீர் இருக்கிறது. கூட்டம் முடிந்து ஜூஸ் எடுக்க எவளாவது ஃபிரிட்ஜைத் திறந்தால் கதவிலேயே சீமை எழுத்தோடு முழ உயரப் புட்டி நிற்கும். அமலி அதை எடுத்துப் பரணில், கொதிக்கிற கூரை ஷீட்டுக்கு அடியில் ஒளித்துவைத்தாள். பிறகு மறந்தே போனாள். ஜெரி வருகிற அன்று சாயந்திரம் ஞாபகம் வந்து, துடைத்துத் திரும்பவும் ஃபிரிட்ஜில் நிறுத்திவிட்டாள். அக்கினி நட்சத்திரத்தில் ஒன்பது நாள்.

ஜெரிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கையில் கிடைத்த தம்ளரைத் தூக்கிச் சுவரில் அடித்தார். "ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? ஒரு பொண்ணு பொழப்புடி அது!" என்று கத்தினார். அமலி அழவில்லை. "மொதல்ல அதுக்குச் சொல்லு. என்னை அப்பால திட்டிக்கலாம்" என்றாள்.

அவசர அவசரமாக எழுதினார். தப்பு எங்கள் வீட்டில், சாக்கே வெயிலில் கிடந்துவிட்டது, தொட்டியைத் தொடாதே. இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. "ஜெரி-சான், நான் அழுதேன் என்று எழுதியிருக்கக் கூடாது. அதனால்தான் இப்படிச் சொல்கிறீர்கள். தயவுசெய்து நீங்களும் மற்றவர்களைப் போல ஆகிவிடாதீர்கள்."

ஜெரி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பதினாலு வருஷம் உண்மை மட்டுமே பேசிச் சேர்த்துவைத்த பேர், இன்றைக்குப் பேசிய உண்மையைப் பொய்யாக்கிவிட்டது. இனி எதை எழுதினாலும் ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். நாளைக் காலையில் மிச்சமும் போய்விடும்.

"வீடியோ போடு" என்றாள் அமலி. "நான் பேசறேன். நான் சொல்றத அப்டியே சொல்லு, உன் சரக்கு எதையும் சேக்காத."

திரையில் சச்சிகோ வந்தாள். தலையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தாள், கண் வீங்கியிருந்தது. அமலி வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"நாந்தாம்மா எடுத்து வெச்சேன். எங்க கோயில் பொம்பளைங்க பாத்தா அசிங்கம்னு நெனச்சு எடுத்து வெச்சேன். இவரு பொய் சொல்லல. பொய் சொல்லக்கூட இந்தாளுக்குத் தெரியாது."

ஜெரி அதை இங்கிலீஷில் சொன்னார். சச்சிகோ தலையைக் குனிந்து மரியாதையாக என்னவோ சொன்னாள். அவள் நம்பவில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரிந்தது. இந்தியாவிலும் ஆள்வைத்து ஆறுதல் சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பாள்.

அமலி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். பரணில் கையைவிட்டு, புட்டி இருந்த மூலையில் துழாவி, ஒரு காகிதக் கட்டை இறக்கினாள். போன கல்லறைத் திருநாளுக்கு வாங்கி மிஞ்சிய ஒரு டஜன் மெழுகுவத்தி. பிரித்தாள். ஒன்றுகூட நேராக இல்லை. வெயிலில் இளகி, வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, முருங்கைக்காய்க் கட்டுபோலக் கிடந்தன. அமலி அதை அப்படியே ஃபோனுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள்.

சச்சிகோ திரைக்குக் கிட்டே வந்து பார்த்தாள். எதையும் யாரும் அவளுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. எத்தனை நாள் என்று மட்டும் கேட்டாள். ஒன்பது என்று அமலி விரலில் காட்டினாள். சச்சிகோ வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ஜெரிக்குப் புரியவில்லை. பிறகு எழுந்து, "பச்சை சாக்கேயை ஒன்பது நாள் வெயிலில் வைத்தால் ஜெரி-சான் எழுதிய அதே வாடைதான் வரும். அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஒரு தொட்டி போனது போனதுதான். மிச்சம் இரண்டும் இருக்கட்டும், பச்சையாகவே விற்கிறேன்" என்றாள். அமலி எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டாள். அதை மட்டும் ஜெரி ஒரே தடவைதான் இங்கிலீஷில் சொல்லிவைத்தார்.

ஜூன் மாதத்து அன்பியக் கூட்டம் ஞானசெல்வி வீட்டில். அவள்தான் அன்பியத்துக்குத் தலைவி, கண்டிப்பான மனுஷி. ஜெபமாலை முடிந்து மன்றாட்டு ஆரம்பித்தது. ஒருத்தி மகன் வேலைக்காக, ஒருத்தி மாமியாரின் கண் ஆபரேஷனுக்காக என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து பதில் சொன்னார்கள். ஆண்கள் மூன்று நாலு பேர் வழக்கம்போல வாசலிலேயே நின்றிருந்தார்கள். ஜெரியும் அங்கேதான் நின்றார். அமலி எழுந்தாள்.

"ஜப்பான்ல சச்சிகோன்னு ஒரு பொண்ணு கீது. அப்பா இல்லாத பொண்ணு. நாம பூசையில திராட்சை ரசம் வெக்கிறோமே, அந்த மாரி அது அரிசியில ரசம் செய்யுது. எங்க வூட்டுக்கு அனுப்புன பாட்டில நான் உங்க கண்ணுக்குப் பயந்து ஒளிச்சு வெச்சு, அதால அதுக்கு ஒரு தொட்டி வீணாப் பூடுச்சு. மிச்சம் ரெண்டு தொட்டி கீது. அது நல்லபடியா வித்து அந்தப் பொண்ணு தலை நிமிந்து நிக்கணும்னு, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

ஞானசெல்வி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அமலியை ஏற இறங்கப் பார்த்தாள். குடிகாரப் புருஷனோடு இருபது வருஷமாக மல்லுக்கட்டுகிற மூன்றாம் வீட்டுக்காரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் முதலில் ஆரம்பித்தாள். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." பின்னாலேயே மற்றவர்களும் சொன்னார்கள், கடைசியில் ஞானசெல்வியும் சொன்னாள்.

வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்ற ஜெரி மட்டும் சொல்லவில்லை. சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.