பச்சைப் பலகை

அட்டுவம்பட்டி மலைச்சரிவில் துருவேறிக் கிடக்கும் பழைய லாரியை என் மகள் செல்போனில் படமெடுத்து, அதையே கறுப்பு வெள்ளையாகவும் மாற்றி, "எதுப்பா நல்லாருக்கு?" என்று காட்டினாள். கறுப்பு வெள்ளையில் சரிவு முழுவதும் மூடுபனி இறங்கியதுபோல் இருந்தது.

இதைப் படிக்கும் பிள்ளைகளே, எழுபதுகளில் நாங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்த மலைக்கு வந்த புதிதில், அம்மா முட்டைக்கோஸ் லாரியில் சுமை ஏற்றும் வேலை பார்த்தாள். என்னையும் மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்துக்கொள்வாள். ஏற்றத்தில் வண்டி திணறி நிற்கும்போதெல்லாம் அவள் கீழே குதித்து, பின்சக்கரத்துக்கு மரக்கட்டையை முட்டுக்கொடுப்பாள். பனி அவளை விழுங்கிவிடும். எஞ்சின் உறுமலும் டீசல் நாற்றமும் மட்டும் மிஞ்ச, வண்டி பின்னால் உருண்டால் அம்மா என்னாவாள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வெளுப்பையே பார்த்திருப்பேன்.

"ஏலே, அழாதலே! என் பிரேக்கவிட உங்காத்தா கட்டதான் கெட்டி!" என்று டிரைவர் மாமா சிரிப்பார். அதைக் கேட்டதும் பயம் இன்னும் கூடும்.

"கட்டைய எடுத்துட்டேன், வெரசா விடுங்கண்ணே!" என்று பனிக்குள்ளிருந்து அம்மா கத்துவாள். வண்டி நகரும். பச்சைப் பின்பலகையில் அவளுடைய சிவப்பு வளையல் கை வந்து பற்றிய பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

மகளின் கலர்ப் படத்திலும் பின்பலகையில் கொஞ்சம் பச்சை மிச்சமிருந்தது.

"கலராவே இருக்கட்டும்மா," என்றேன். "கறுப்பு வெள்ளையில ஒங்க அப்பத்தா இன்னும் வண்டியில ஏறல."