இலை காயும் காலத்தில் கார்த்திகை

மரங்கள் காய்ந்து போவதைப் பார்ப்பதற்கென்றே இங்கே காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். எழுபதுகளின் கடைசியில் நான் வந்து இறங்கிய ஊர் இது, இங்கிலாந்தின் வடக்கே. கணவருக்குப் பஞ்சாலையில் வேலை. வந்த புதிதில் பக்கத்து வீட்டு மார்கரெட், உங்கள் ஊரில் இலையுதிர்காலம் எப்படி இருக்கும் என்று கேட்டாள். எல்லாம் பச்சையாகிவிடும் என்றேன். "அது ஸ்பிரிங், கண்ணு" என்று அன்பாகத் திருத்தினாள். ஐப்பசி மழை விழுந்தால் மலையடியில் இருக்கும் எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் பாறை இடுக்குகூடப் பச்சை கட்டும் என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை. மண்டையை ஆட்டிவைத்தேன்.

நவம்பர் பிறந்ததும் ஒரு மாலை, தெருவே குன்றுப் பக்கம் போனது. நாங்களும் போனோம். பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று குன்றின்மேல் பெருநெருப்பு எழுந்தது. ஊரில் இப்படித்தான், தீபத்தன்று அகல்களில் எண்ணெய் ஊற்றிவிட்டுத் தீப்பெட்டியும் கையுமாக மலையைப் பார்த்து நிற்போம். மேகம் மறைத்தால் அம்மாவுக்கு அழுகையே வந்துவிடும். உச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கு. தெரிந்த கணமே எல்லோர் கையும் தலைக்கு மேல் போகும். இங்கேயும் என் கைகள் போய்விட்டன. "அண்ணாமலைக்கு அரோகரா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. சிலர் சிரித்தார்கள். அங்கே எரிந்துகொண்டிருந்தது ஒரு வைக்கோல் பொம்மை. பழைய சதிகாரன் ஒருவனை வருஷா வருஷம் அப்படி எரிப்பார்களாம்.

"கைய எறக்குடி, எல்லாரும் பாக்குறாங்க" என்றார் கணவர்.

"நெருப்பப் பாத்ததும் தானா தூக்கிடுச்சிங்க."

இவளுக்குக் குளிர் ஜாஸ்தி, கையைத் தூக்கிக் குளிர்காய்கிறாள் என்று மார்கரெட்டிடம் சமாளித்தார். அவள் உடனே தன் கையுறைகளைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டாள். சிரித்தவர்களைவிட அவள்தான் என்னைக் கூனிக் குறுக வைத்தாள்.

கார்த்திகை தீபத்தன்று நாலு மணிக்கே இருட்டிவிட்டது. குன்று வெறும் கறுப்பாகக் கிடந்தது. கடிகாரத்தைப் பார்த்து, புடவைக்குள் சுற்றிக் கொண்டுவந்த இரண்டு அகல்களை ஜன்னலோரம் ஏற்றினேன். ஏற்றியதும் திரையை இழுத்து மூடினேன். வெளியே தெரிகிறதோ என்று மனசு கேட்கவில்லை. கோட்டையும் கையுறைகளையும் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் பார்த்தேன். ஈர இலைகள் ஷூவில் ஒட்டின. எனக்கே வெட்கமாக இருந்தது, என் விளக்கை நானே வேவு பார்ப்பது.

திரை இடுக்கில் மெல்லிய கோடாக வெளிச்சம் தெரிந்தது. தெரிந்ததும் கைகள் மார்புவரை எழுந்துவிட்டன. மார்கரெட் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவளுடைய கையுறைகளுக்குள் இருந்த என் கைகளைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டேன்.