பேர் எழுதிய கட்டில்

மரியஅந்தோணிக்கு அப்போது வயது அறுபத்தொன்று. கோயம்புத்தூர் கணபதியில் வாடகை வீடு. வீட்டுக்கு முன்னால் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடியில் ஒரு தகரக் கொட்டகை. பழைய பீரோ, கட்டில், கிரைண்டர், தையல் மிஷின் என்று வாங்கித் துடைத்து, பழுது பார்த்து, போனில் படம் போட்டு விற்பார். அதற்கு முன் இருபத்தேழு வருடம் காந்திபுரத்தில் அப்துல் குத்தூஸ் பாயின் பழைய சாமான் கடையில் வேலை. 2020இல் பாய் கடையை மூடியபோது ஓர் இஞ்சு டேப்பையும் ஒரு வழக்கத்தையும் எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

அந்த வழக்கம் இது. விலை பேசி முடிந்துவிட்டால், பணம் கைக்கு வராவிட்டாலும், பொருள் யாருக்கோ அவர் பேரையும் ஊரையும் சாக்பீஸால் அதன் மேல் எழுதிவிட வேண்டும். எழுதிய நிமிடத்திலிருந்து அது அவருடையது. கடை அதை வைத்திருக்கும் இடம், அவ்வளவுதான். பேரை அழிப்பதாக இருந்தால் அவரைக் கூப்பிட்டுச் சொல்லி, அவர் வாயால் "சரி" என்று கேட்ட பிறகே ஈரத்துணியைத் தொடலாம். ஒருமுறை பேர் எழுதிய ஊஞ்சலில் பாயின் மகள் சஃபியா உட்கார்ந்துவிட்டாள். "எந்திரி கண்ணு, பல்லடத்துக்காரரு அதுல உக்காந்திருக்காரு" என்று பாய் அவளை எழுப்பிவிட்டார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை.

கொட்டகைக்கு வந்த பிறகும் மரியஅந்தோணி அந்த வழக்கத்தை விடவில்லை. ஒரே ஒரு முறை விட்டார்.

2024 ஜூன் முதல் வாரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில் வந்தது. இரும்புக் கட்டில், வெள்ளைப் பெயின்ட். கால்மாட்டில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் நிமிரும்; எதிர்ப்பக்கம் சுற்றினால் படுக்கும். முழுதாக நிமிர இருபத்தெட்டுச் சுற்று. அதில் யாரும் செத்துப்போகவில்லை. தொடை எலும்பு முறிந்து கிடந்த சாயிபாபா காலனிக்காரர் ஒருவர் தேறி எழுந்து, தானே வாசல் வரை நடந்து வந்து கட்டிலை வண்டியில் ஏற்றிவிட்டார். மரியஅந்தோணி அதை ஆறாயிரத்துக்கு வாங்கினார். போனில் ஒன்பதாயிரம் என்று போட்டார்.

ஜூன் 11, செவ்வாய்க்கிழமை மாலை, சென்னிமலையிலிருந்து போன் வந்தது.

"அண்ணா, வணக்கமுங்க. அழகிரிசாமின்னு சொல்லுவாங்க, பெட்ஷீட் தறி ஓட்டறனுங்க. எங்கக்காளுக்கு நெஞ்சுல நீர் கோத்துக்குதுங்க. படுத்தா மூச்சு முட்டுது. ஆறு நாளா பாயில உக்காந்த மேனிக்கே கெடக்குது. அந்தக் கட்டிலு எங்களுக்கு வேணுமுங்க."

"ஒம்பதாயிரமுங்க."

"செரிங்க. வெள்ளிக்கிழமை கூலி போடுவாங்க. சனிக்கிழமை வண்டியோட வாரனுங்க. வேற ஆருக்கும் குடுத்துப்போடாதீங்க."

"அக்கா பேரு என்னங்க?"

"ராமாமணிங்க. ஏனுங்க?"

"கட்டிலு ஆருக்கோ அவிய பேருதான் எழுதுவமுங்க. எழுதிப்போட்டேன். கவலய உடுங்க."

தலைப்பலகையில் எழுதவும் செய்தார்: ராமாமணி, சென்னிமலை.

மறுநாள் காலை பத்து மணிக்குள் பதினேழு பேர் அந்தக் கட்டிலைக் கேட்டிருந்தார்கள். அவர் மனைவி ஜோவிதா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பதினேழு பேரு கேக்கறாங்கன்னா, உங்களுக்கு வெல சொல்லத் தெரியலீன்னுதானுங்க அர்த்தம். இருபத்தேழு வருசம் கடையில என்ன, ஈ ஓட்டுனீங்களா?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவருக்குச் சுருக்கென்றது. பத்து நாற்பதுக்கு ஈரத்துணியால் பேரைத் துடைத்தார். போனில் விலையைப் பத்தாயிரத்து ஐந்நூறு ஆக்கினார். அழகிரிசாமியைக் கூப்பிடவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

காபி குடித்துவிட்டுப் பத்து ஐம்பத்தைந்துக்குக் கொட்டகைக்கு வந்தபோது கட்டிலின் தலைப்பக்கம் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. டேப்பை வைத்துப் பார்த்தார். ஆறு அங்குலம்.

"ஜோவிதா, கட்டில நீ சுத்துனியா?"

"ஆமாங்க, பாத்திரமெல்லாம் தானாக் கழுவிக்குச்சு. பொழுது போகலீன்னு கட்டிலு சுத்திட்டிருக்கறேன்."

அவர் கைப்பிடியைப் பிடித்து இறக்கினார். காலிக் கட்டிலை இறக்கும்போது திருகு கையில் இறுக்கமாக இருக்கும்; ஆள் படுத்திருந்தால் அந்தப் பாரமே இழுத்துக்கொண்டு போகும், கைப்பிடி லேசாகச் சுற்றும். இது அவருக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அன்றைக்குக் கைப்பிடி லேசாகச் சுற்றியது.

மதியம் அழகிரிசாமி கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை. "அண்ணா, போன்ல வெல மாறியிருக்குதுங்களே. அது நம்ம கட்டிலுதானுங்களா, வேற ஒண்ணுங்களா?"

"அதேதானுங்க. வெலவாசி ஏறிப்போச்சுங்க."

"செரிங்கண்ணா. இன்னொரு ஆயிரத்தைநூறு பொரட்டிப் பாக்கறனுங்க."

அழகிரிசாமி சண்டை போட்டிருந்தால் மரியஅந்தோணி ஒருவேளை அங்கேயே நிறுத்தியிருப்பார். வியாழக்கிழமை காலை ஒருவர் பதினோராயிரம் தருவதாகச் சொல்லவே, ஒன்பதே காலுக்கு விலையைப் பன்னிரண்டாயிரம் ஆக்கினார். திரும்பிப் பார்த்தால் தலைப்பக்கம் பதினான்கு அங்குலம். கொட்டகைக் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே இருந்தவர் அவர் ஒருவர்தான்.

பதினொரு மணிக்குப் பீளமேட்டிலிருந்து முகமது ரியாஸ் என்பவர் கட்டிலைப் பார்க்க வந்தார். சட்டங்களைத் தட்டினார், சக்கரத்தை உருட்டினார், தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். உடனே கையை எடுத்துக்கொண்டார்.

"இதுல யாரு படுத்திருந்தாங்க?"

"ஆருமில்லீங்களே."

"இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரி வெதுவெதுன்னு இருக்குதுங்க. நடுவுல மட்டும். ஓரமெல்லாம் சில்லுனு இருக்குது." விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மரியஅந்தோணியும் கை வைத்துப் பார்த்தார். மனிதர் சொன்னது சரி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவருக்கு வேறொரு யோசனை வந்திருந்தது. சென்னிமலைக்காரர் தானாகவே "வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டால் பேச்சு தவறிய குற்றம் தன் மேல் வராது. அவரை அப்படிச் சொல்ல வைக்க ஒரே வழிதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, நல்ல வெயிலில், கட்டிலுக்கு எதிரிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, போனில் விலையைப் பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு என்று அடித்தார்.

குனிந்து அடித்த நேரம் ஐந்து விநாடி இருக்கும். நிமிர்ந்தார். தலைப்பக்கம் முழுதாக நிமிர்ந்து நின்றது. இருபத்தெட்டுச் சுற்று. கிறீச்சென்று ஒரு சத்தம்கூட இல்லை. துடைத்த இடம் காய்ந்து சாக்பீஸ் எழுத்து மங்கலாக மேலே வந்திருந்தது. அது எல்லாச் சாக்பீஸுக்கும் உள்ள குணம்தான். ஆனால் கட்டிலிலிருந்து மூச்சு கேட்டது. குட்டை குட்டையாக, பாதியில் அறுந்து அறுந்து, படி ஏறி வந்தவர் மூச்சு போல.

"ஜோவிதா!"

அவள் ஓடிவந்து வாசலிலேயே நின்றாள். அவளுக்கும் கேட்டது. சிலுவை போட்டுக்கொண்டாள். "என்னங்க செஞ்சுபோட்டீங்க?"

"பேச்சு முடிஞ்ச கட்டிலுக்கு வெலயக் கூட்டிப்போட்டேன்."

"அவியகிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல."

"பேர எழுதி வெச்சீங்கல்ல, அவியளும் வந்து படுத்துக்கிட்டாங்க. படுத்திருக்கற மனுசிய இப்படியா நட்டுக்குத்தலாத் தூக்கி நிறுத்துவீங்க?"

கைப்பிடியைப் பிடித்து இறக்கப் பார்த்தார். அசையவில்லை. விலையைப் பழையபடி ஒன்பதாயிரம் ஆக்கினார். அப்போதும் அசையவில்லை. அழகிரிசாமியின் எண்ணுக்கு நான்கு முறை அடித்தார். மணி அடித்து அடித்து நின்றது. அந்த அம்மாள் இருக்கிறாளா இல்லையா என்பது ஒன்றே அதற்குப் பிறகு அவர் மனதில் இருந்தது. கொட்டகையில் மூச்சு கேட்கிறவரைக்கும் இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டார். விளக்கைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். ஒன்றிரண்டு தடவை மூச்சு நின்றது. அப்போதெல்லாம் எழுந்துபோய்க் காதை வைத்துக் கேட்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் ஒரு குட்டி யானை வண்டி பிடித்து, நிமிர்ந்த கட்டிலை நிமிர்ந்தபடியே கயிறு கட்டி ஏற்றினார். முன்னால் உட்காராமல் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். பெருந்துறை தாண்டும்வரை மூச்சு காதில் விழுந்தது. அதற்குப் பிறகு கேட்கவில்லை. வண்டிச் சத்தமாகவும் இருக்கலாம். சென்னிமலைக்குள் நுழைந்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி ஒன்பது நாற்பது.

அழகிரிசாமி வெளியே வந்து கட்டிலைப் பார்த்துத் திகைத்தார். "அண்ணா, பதிமூணரைக்கு எங்கிட்ட வழியில்லீங்க. அதுக்குத்தான் போன எடுக்கலீங்க. இல்லைன்னு சொல்ல வாய் வல்லீங்க."

"அக்கா எப்படி இருக்காங்க?"

"இருக்குதுங்க."

மரியஅந்தோணி வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஒம்பதாயிரம்தானுங்க. பேசுனது அதுதான். நான்தான் உங்களக் கேக்காம மாத்திப்போட்டேன். தப்புங்க."

உள்ளே ராமாமணி பாயில் உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் மடித்த பெட்ஷீட் கட்டுகளை அடுக்கி முட்டுக் கொடுத்திருந்தார்கள். கண் மூடியிருந்தது. அதே குட்டை மூச்சு.

"மூணு நாளா இப்படித்தானுங்க" என்றார் அழகிரிசாமி. "பாயில உக்காந்துட்டு, கட்டில்ல இருக்கறதா நெனச்சுப் பேசுது. ஆரோ தூக்கித் தூக்கி வெக்கறாங்கங்குது. மருந்து மயக்கம்னு டாக்டர் சொல்றாரு."

ராமாமணி கண்ணைத் திறக்காமலே பேசினாள். "மயக்கமென்ன மயக்கம். பொதன்கெழமை காலைல கொஞ்சம் தூக்குனான். கோயம்புத்தூர்க்காரரு ஒருத்தரு எம் மேல கைய வெச்சுப் பாத்துட்டுப் போனாரு. நேத்து நாலு மணிக்கு நட்டமா நிறுத்திப்போட்டான். இடுப்பு கழண்டு போச்சு."

அழகிரிசாமி சங்கடத்தோடு சிரித்தார். மரியஅந்தோணி சிரிக்கவில்லை.

இருவரும் கட்டிலை உள்ளே இறக்கி, மெத்தை விரித்து, அவளைத் தூக்கிச் சாய்த்தார்கள். மரியஅந்தோணி கால்மாட்டில் குந்தி உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தார். பிடித்தாரே தவிரச் சுற்றவில்லை.

"அம்மணி, எறக்கட்டுங்களா?"

"எறக்கு."

கைப்பிடி இப்போது அசைந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுத்தி, "போதுமுங்களா?" என்று கேட்டார். அவள் ஒவ்வொரு முறையும் "இன்னும்" என்றாள். பதினொன்றாவது சுற்றில் கையை உயர்த்தினாள். அந்தச் சாய்வில் மூச்சு நீளமாக வர ஆரம்பித்தது.

அழகிரிசாமி ஒன்பதாயிரத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது அவள் முதல்முறையாகக் கண்ணைத் திறந்து, இதுவரை பார்த்தேயிராத மரியஅந்தோணியை அடையாளம் தெரிந்தவள் போலப் பார்த்தாள்.

"இனிமே என்னையக் கேக்காம சுத்தாத சாமி."

"மாட்டனுங்க" என்றார் மரியஅந்தோணி.

பத்து ஐந்துக்கு அவள் தூங்கிப்போனாள். படுத்துத் தூங்கிப் பத்து நாள் ஆயிற்று என்று தம்பி சொன்னார்.