கிரேன்காரர் குண்டூசி

வாலிபத்தில் ஒட்டடைக் குச்சி மாதிரி இருந்ததால் கிரேன்காரருக்குக் குண்டூசி என்று பேர் வைத்தார்கள். பிறகு உடம்பு பெருத்ததும், "ஊசி தேஞ்சு குண்டுதான் மிச்சம்" என்று கூட வேலை செய்பவர்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவைப்பார். வேறென்ன செய்ய?

கட்டடம் எழும்புகிற இடத்தில், வானத்தை முட்டும் கிரேன் அவருடையது. காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். நடுவில் இறங்கி ஏற முழங்கால் விடாது. சாப்பாடு, பிஸ்கெட், கலர் பாட்டில் எல்லாம் கயிற்றுப் பையில் மேலே போகும். உட்கார்ந்தே தின்பது, தின்றபடியே உட்கார்வது. வீட்டுக்கு வந்தால் படுக்கை. தன் குறட்டையில் தானே விழித்துக்கொள்வார். விடிந்தாலும் அலுப்பு தீராது.

ஒருநாள் கம்பிக்கட்டு அந்தரத்தில் தொங்கும்போது, கீழே கையசைத்த மேஸ்திரி புகைக்குள் போனதுபோல மங்கினார். குண்டூசி கண்ணைக் கசக்கினார். புகை விலகவில்லை.

வாக்கிடாக்கியை எடுத்தார். "மேஸ்திரி, ஆளுங்கள தள்ளிப் போகச் சொல்லு. எனக்குக் கண்ணு தெரியல. நீ சொல்லச் சொல்ல நான் இறக்குறேன்."

மேஸ்திரி கத்தி ஆட்களை விலக்கினார். "சரிண்ணே. இடது பக்கம்... இன்னும்... போதும். மெதுவா விடுங்க."

கட்டு தரையில் உட்கார்ந்தது. அவரை இறக்குவதுதான் பெரும்பாடு. இடுப்பில் கயிறு கட்டி, படிக்குப் படி காலைப் பிடித்து வைத்து இறக்கினார்கள். தரை தொட்டதும் அழுதுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் சர்க்கரை என்றார்கள், கண்ணைக் கெடுத்ததே அதுதான் என்றார்கள், ரத்தக் கொதிப்பு என்றார்கள், கல்லீரலில் கொழுப்பு என்றார்கள்.

"ஒரேயடியா இத்தனையுமா?" என்றார் குண்டூசி.

"ஒரேயடியா வரலைங்க," என்றார் டாக்டரம்மா. "எல்லாம் ஒரு வயித்துப் பிள்ளைங்க. இடுப்பச் சுத்திக் கொழுப்பு சேரச் சேர, சத்தமில்லாம வளந்திருக்கு."

"வாயக் கட்டுங்கன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன்," என்றாள் மனைவி.

"வாய மட்டும் திட்டாதீங்கம்மா. உக்கார வச்சே வேலை வாங்கினதும் சேந்துதான்."

கிரேன் போயிற்று. இப்போது கீழே சாமான் கிடங்கில் வேலை. சாயங்காலம் மனைவியோடு நடை. அவளுக்கும் சர்க்கரை எட்டிப் பார்க்கிறதாம். எடை கொஞ்சம் இறங்கியது, சர்க்கரையும் அடங்கியது. போன பார்வை முழுசாகத் திரும்பவில்லை. பசி மட்டும் தவறாமல் வந்து நிற்கிறது.

தெருமுனையில் மூச்சு வாங்க நின்றார். "இன்னும் எத்தன நாளைக்கு இப்படி?"

"இருக்கிற வரைக்கும்தான். வாங்க, நின்னா கால் பிடிச்சிக்கும்."

பெருமூச்சு விட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் நடந்தார்.