தாருமாவின் இரண்டாவது கண்

ஜப்பானின் சுகுபா ஆய்வுக்கூடத்தில், துகள்களை மோதவிட்டுப் பார்க்கத் தரைக்கடியில் மூன்று கிலோமீட்டர் சுற்றுக்கு வளையம் ஒன்றைத் தோண்டத் தொடங்கிய ஆண்டில்தான் நகுமோ ஹிரோமிச்சி வேலைக்குச் சேர்ந்தார். உதவி ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தவர் உதவி ஆராய்ச்சியாளராகவே நரைத்தார். பேராசிரியர் பதவி இரண்டு முறை வாசல்வரை வந்து திரும்பிப் போனது. அதற்காக அவர் வருந்தி யாரும் பார்த்ததில்லை. அவருடைய ஏக்கம் வேறு.

பிரபஞ்சம் பிறந்தபோது பொருளும் எதிர்ப்பொருளும் சரிபாதியாகப் பிறந்திருக்க வேண்டும். ஒன்றையொன்று தொட்டால் இரண்டும் ஒளியாகி அழிந்துபோகும். அப்படிப் பார்த்தால் இன்றைக்கு எதுவுமே மிஞ்சியிருக்கக் கூடாது. ஆனால் மலை மிஞ்சியிருக்கிறது, கடல் மிஞ்சியிருக்கிறது, குளிர்காலத்தில் அவர் மனைவி சயோகோ மூங்கில் தட்டில் காயவைக்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் மிஞ்சியிருக்கிறது.

“அப்போ நாம எல்லாரும் மிச்சம் மீதிதானா?” என்று கல்யாணமான புதிதில் சயோகோ கேட்டாள்.

“ஆமா. ஏன் மிஞ்சினோம்னுதான் தெரியல.”

“எங்கம்மா சமைச்சா எப்பவும் மிஞ்சும். ஏன்னு ஒருத்தரும் கேட்டதில்ல.”

அணுக்கருவுக்கும் உள்ளே இருக்கும் குவார்க் என்னும் நுண்துகள்கள் சற்று ஓரவஞ்சனை செய்கின்றன என்பது முன்பே தெரிந்ததுதான். கனமான ஒரு குவார்க் சிதையும் விதமும் அதன் எதிர்க்குவார்க் சிதையும் விதமும் மயிரிழை வேறுபடும். ஆனால் இத்தனை உலகம் மிஞ்ச அந்த மயிரிழை போதாது. இன்னொரு வேறுபாடு எங்கோ ஒளிந்திருக்க வேண்டும். மிக அரிதாக நிகழும் ஒரு சிதைவில் அதைத் தேடிய சிறு குழுவில் நகுமோவும் ஒருவர். ஓய்வுபெறுவதற்குள் அந்த விடையைப் பார்த்துவிட வேண்டும். அது ஒன்றுதான் அவர் கேட்டது.

விடை கணினிக்குள் ஏற்கெனவே இருந்தது. ஆனால் யாரும் அதைப் பார்க்க முடியாது. கணினி தானே ஓர் எண்ணைத் தேர்ந்து விடையோடு கலந்து மறைத்துவிடும். ஆசைப்பட்ட விடையை நோக்கிக் கை தானாகச் சாய்ந்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. எல்லாச் சோதனைகளும் முடிந்து, குழுவில் ஒவ்வொருவரும் “திறக்கலாம்” என்று சொன்ன பிறகே மறைப்பு நீங்கும். இதைப் பெட்டி திறப்பது என்பார்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் பெட்டி மூடியேதான் இருக்கும்.

இந்தத் தேடல் தொடங்கிய அன்று வாங்கிய தாருமா பொம்மை, போதிதர்மரின் உருண்டை முகத்தோடு, கூட்ட அறை அலமாரியில் உட்கார்ந்திருந்தது. வேண்டிக்கொண்டபோது ஒரு கண்ணை நகுமோதான் தன் தூரிகையால் எழுதினார். எடுத்த வேலை முடிந்த பிறகே மற்றக் கண்ணை எழுதுவது வழக்கம்; அதுவரை அது வெறும் வெள்ளை.

அவர் ஓய்வுபெறவிருந்த மார்ச் மாதத்தில் கூட்டம் கூடியது. குழுத்தலைவர் ஒக்குமுரா மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கேட்டுவந்தார். எல்லாரும் திறக்கலாம் என்றார்கள். நகுமோவைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். அது ஒரு மரியாதை.

“சீக்கிரம் சொல்லுங்க நகுமோ-சான், சோபா நூடுல்ஸ் கடையில எட்டுப் பேருக்கு இடம் சொல்லி வெச்சிருக்கேன்” என்றாள் எதிரில் இருந்த தோகி மிஹாரு. “ஆறிப்போன சோபாவுக்கு நீங்கதான் பொறுப்பு.”

அவர் வாயைத் திறந்தார். பார்வை திரையில் இருந்த வரைபடத்தில் விழுந்தது. துகள்கள் மோதும் குழாய், அதைச் சுற்றி உணர்கருவிகள். குழாய்க்கும் கருவிக்கும் நடுவே ஒன்றும் இல்லை.

சென்ற குளிர்காலத்தில் இயந்திரத்தை நிறுத்தியிருந்தபோது அங்கே மெல்லிய தாமிர உறை ஒன்றைச் சுற்றினார்கள். கேட்டு வாங்கியவரே அவர்தான்.

பார்க்கும் கருவியும் பொருளால் ஆனது. அதனால் அதுவும் நடுநிலை தவறும். கேயான் என்னும் துகளில் எதிர்மின்னூட்டம் கொண்டதைத் தாமிரம் சற்று அதிகமாக விழுங்கும், நேர்மின்னூட்டம் கொண்டதைச் சற்றுக் குறைவாக. அந்த உறையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், இயற்கையிடம் இல்லாத வேறுபாட்டைத் தாமிரமே காட்டிவிடலாம்.

சும்மா இருந்துவிடலாம். பெரிய வித்தியாசம் வராமலும் போகலாம். இன்று பார்த்துவிட்டு, நாளை சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பார்த்த பிறகு செய்யும் திருத்தத்தை யார் நம்புவார்கள்? அவரே நம்பமாட்டார்.

“வேண்டாம்” என்றார். “தாமிர உறை கணக்குக்குள்ள வரல.”

ஒக்குமுரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதைச் சேர்த்துத் திரும்ப ஓட்டணும்னா கோடை தாண்டிடும், நகுமோ-சான். உங்களுக்கு இந்த மாசத்தோட…”

“எனக்குக் கணக்குத் தெரியும்.”

“சோபா?” என்று மெதுவாகக் கேட்டாள் தோகி.

“சோபா சாப்பிடலாம். அதுக்கு யார் சம்மதமும் வேண்டாம்.”

மாத இறுதியில் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. கட்டுரை வெளிவரும்வரை வெளியாருக்கு விடையைச் சொல்லக்கூடாது என்பது விதி. இப்போது அவர் வெளியார்.

கோடை முழுக்க வீட்டுக்குப் பின்னால் கிழங்குக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றும்போதே வளையம் இருக்கும் திசையைப் பார்ப்பார். நாற்பது ஆண்டுகள் உள்ளே இருந்தபோது, அது வெளியிலிருந்து எப்படித் தெரியும் என்று அவர் யோசித்ததே இல்லை.

“பக்கத்து வீட்டுச் செடிக்கும் சேர்த்து ஊத்துறீங்க” என்றாள் சயோகோ.

கிழங்கு தோண்டும் காலத்தில் தொலைபேசி அடித்தது. தோகி.

“நகுமோ-சான், ஒண்ணும் சொல்லக் கூடாது. தெரியும்ல?”

“தெரியும்.”

“அதனால ஒண்ணும் சொல்லல. ஆனா உங்க தூரிகை வேணும். எடுத்துக்கிட்டு வாங்க. எங்கள்ல எவன் எழுதினாலும் பொம்மைக்கு மாறுகண் ஆயிடும்.”

அவருக்குப் புரிந்தது. பெட்டி திறந்துவிட்டது. மண்கையைக்கூடக் கழுவாமல் சைக்கிளை எடுத்தார்.

வாசலில் பார்வையாளர் அட்டை எழுதிக் கொடுத்தார்கள். அறையில் அதே முகங்கள். திரை அணைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. நல்ல பிள்ளைகள், விதியைக் காத்தார்கள். ஒக்குமுராவின் கண் மட்டும் சிவந்திருந்தது. கண்டதாலா, ஒன்றும் காணாததாலா? கேட்டுவிடலாம். கேட்டால் ஒக்குமுரா சொல்லியும்விடுவார். அதனாலேயே கேட்கவில்லை.

மை தொட்டு, மூச்சைப் பிடித்து, வெள்ளைக் கண்ணுக்குள் ஒரு வட்டம் எழுதினார். யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் குனிந்து வணங்கினார்கள். அவர் இன்னும் தாழக் குனிந்தார்.

வீட்டில் சயோகோ கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தாள்.

“என்ன வந்துச்சு?”

“தெரியல. கட்டுரை வரட்டும்.”

“எப்போ வரும்?”

“வசந்தத்துல.”

அவள் இன்னொரு கத்தியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.